பேறுகாலம் அல்ல, வியட்நாம்

மயிலாடி,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மூத்த மச்சான் ஐசக் அவர்களுக்கு,

தங்கள் தங்கை நேசபாயைக் கட்டிய ஞானசிகாமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. மார்த்தாண்டத்தில் தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். இங்கே நான் சுகம், வீடு சுகம், முற்றத்து முருங்கை சுகம். உங்கள் தங்கை சுகமா என்பதை அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொள்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் காது சரியாகக் கேட்கவில்லை என்று தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால், உங்கள் வீட்டில் பேசுவது குழித்துறைப் பாலம் வரைக்கும் கேட்கிறது. இது அப்படிக் கேட்கக்கூடிய விஷயம் அல்ல. அதனால்தான் கடிதம்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஜினோவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவன் வேலை பார்க்கிற கத்தாரிலும் பிறக்கவில்லை, வேறு எங்கேயும் பிறக்கவில்லை. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது, அஞ்சுகிராமத்தில் பெண் பார்த்துப் பேசி முடித்த உங்களுக்குத் தெரியாததா? ஆனால் எங்கள் சபையில் எல்லாரும், அஞ்சுகிராமத்தில் பாதிப்பேரும், கத்தாரில் ஒரு அறை நிறைய ஆட்களும் பிறந்துவிட்டது என்று நம்புகிறார்கள். பெண்ணின் தகப்பனார் எபனேசர் சம்பந்தத்தை முறித்துக்கொள்கிறேன் என்கிறார். தாங்கள் நேரில் போய் அவரிடம் பேசினால்தான் இந்தக் கல்யாணம் நடக்கும். இல்லாவிட்டால் நம் பையனுக்கு இந்த ஜில்லாவில் எவனும் பெண் தரமாட்டான்.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, நேசபாய் அவியலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த போன் ஒரு சத்தம் போட்டது. துருவின கையோடு எடுத்துப் பார்த்தவள், யாருக்கோ தீராத நோய் தீர்ந்தது போல "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். நான் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னட்டி? ஆருக்கு என்ன?"

"வெல எறங்கிற்று."

"தேங்காய்க்கா?"

"வியட்நாம் டிக்கெட்டுக்கு. வாற திங்கக்கிழம போறேன்."

"ஆரு போறா?"

"நானாக்கும். தனியா."

மச்சான், நான் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு பஸ் எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது, டிரைவர் எங்கே படுக்கிறார் என்பதுவரை எழுதிவைத்த பிறகுதான் அதை வாசல் தாண்ட விடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டில் இப்படி ஒரு சம்பவம். வியட்நாமில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை. என்ன காரியம் என்று கேட்டேன். ஒரு காரியமும் இல்லை. பின்னே வியட்நாம் எதற்கு என்றால், அதற்குத்தான் டிக்கெட் குறைவாம்! "எங்க போகணும்னு முடிவு பண்ணிட்டு டிக்கெட் பாத்தா காசு கூடிரும். எங்க டிக்கெட் கொறவோ, அங்க போகணும். அதாக்கும் இதுல உள்ள சூட்சுமம்" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நம் டிப்போவுக்கு ஒரு பயணி வந்து, எந்தப் பஸ்ஸில் டிக்கெட் குறைவோ அதில் ஏற்றிவிடுங்கள் என்று சொன்னால், நான் அவரைப் பஸ்ஸில் ஏற்றுவேனா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேனா? பொங்கல் சமயத்தில் நாகர்கோவிலில் இருந்து மெட்ராசுக்கு ஆம்னி பஸ்ஸில் வாங்குகிற காசை விட வியட்நாம் போகிற காசு குறைவு என்று கணக்கும் காட்டினாள். அந்தக் கணக்கில் நான் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதுவும் ஒரு அதிர்ச்சிதான்.

"எங்க தங்குவ?" என்று கேட்டேன்.

"அங்க போய்ப் பாத்துக்கிடலாம்."

"போய்ப் பாத்துக்கிடலாமா? ராத்திரிக்கு எங்கட்டி தலசாய்ப்ப?"

"ஹாஸ்டல்னு இருக்கு. ஒரு அறையில எட்டுப் பேருக்குக் கட்டில். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. எல்லா நாட்டுப் பிள்ளையளும் கெடக்கும்."

அறுபதை எட்டப்போகிற ஒரு பெண், முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கிறவள், ஏணி வைத்து ஏறி மேல்கட்டிலில் படுக்கப் போகிறாளாம். இந்த வித்தையெல்லாம் எங்கே கற்றாள் என்று பார்த்தால், மத்தியானம் நான் தூங்குகிற நேரத்தில் போனில் யாரோ ஒரு பெண் போடுகிற வீடியோக்களைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். விசாவைக்கூடப் போனிலேயே வாங்கிவிட்டாள். பாஸ்போர்ட், ஜினோ எங்களைக் கத்தாருக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி இருவருக்கும் எடுத்துக் கொடுத்தது. என்னுடையது பீரோவில் வேட்டிக்கு அடியில் ஒரு முத்திரைகூடப் படாமல் கிடக்கிறது.

நான் கோபத்தில் கொஞ்சம் சத்தம் போட்டேன். "பொம்பள ஒருத்தி காரணமில்லாம வெளிநாடு போனான்னு சொன்னா ஊரு சிரிக்கும்" என்றேன். அவள் துருவலை இலையில் கொட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நான் நர்ஸ் வேலைல சேந்த நாள்லேருந்து மத்தவளுக்கப் பேறுகாலத்துக்குத்தான் நடந்தேன். மலையோரம் கீரிப்பாற வரைக்கும் நடந்தேன். நடுராத்திரி கூப்பிட்டாலும் போனேன். இந்த ஊருல ஒரு பொம்பள வீட்ட விட்டு எறங்கினா ஒண்ணு பேறுகாலம், இல்லேன்னா சாவு. ரெண்டும் இல்லாம ஒருக்கா போய்ப் பாக்கேன்." நான் பேப்பரை எடுத்து ஏற்கெனவே படித்த பக்கத்தையே மறுபடி படித்தேன்.

எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான் மச்சான். மறைக்காமல் சொல்கிறேன். என்னையும் வாருங்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இனிதான் அசல் விபத்து. இந்தக் குறைந்த டிக்கெட்டில் ஏழு கிலோ பைதான் கையில் கொண்டுபோகலாம். ஒரு கிலோ கூடினாலும் காசு பிடுங்கிவிடுவார்களாம். அதனால் சனிக்கிழமை மச்சிலிருந்து தன் பழைய தராசை இறக்கினாள். தங்களுக்கு ஞாபகம் இருக்கும், பிறந்த பிள்ளையைத் துணித் தொட்டிலில் வைத்துத் தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு. அதைப் பூஜ்யத்துக்குச் சரிபண்ணி, நடுவறைக் கொக்கியில் மாட்டினாள். பையைத் தொங்கவிடுவதற்கு முன் தொட்டில் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராகேல் கறிவேப்பிலைக்கு வந்தாள். ராகேல் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். அவள் கண்ணில் பட்டது சபையின் கண்ணில் பட்ட மாதிரி. நேசபாய் குளித்துக்கொண்டிருந்தாள். ராகேல் தராசைப் பார்த்தாள், கொடியில் தொட்டில் துணியைப் பார்த்தாள், மேசையில் கிடந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.

"மாமா, அக்கா வெளிநாடு போறாவளா?"

"ம்."

"பேறுகாலத்துக்காக்கும்?"

நான் பொய் சொல்லவில்லை மச்சான். தலையைத்தான் ஆட்டினேன். சும்மா ஊர் சுற்றப் போகிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நம் பக்கத்தில் அறுபது வயசுப் பெண் விமானம் ஏறினால் மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம் பார்க்கத்தான் ஏறுவாள். எத்தனை பேரை நாமே வேன் பிடித்துத் திருவனந்தபுரத்தில் கொண்டு விட்டிருக்கிறோம்! எனக்கு மகளே இல்லை, மருமகளும் இன்னும் வரவில்லை என்பது ராகேலுக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. நேசபாய் வரவில்லை. கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ் வீட்டுக்கு முதுகுப்பை இரவல் வாங்கப் போயிருந்தாள். காணிக்கை எடுத்து முடிந்ததும் சபைச் செயலர் சுந்தரராஜ் எழுந்து அறிவிப்பு வாசித்தார். "நமது சபை அங்கத்தினர் திருமதி நேசபாய் அம்மாள் அவர்கள் பேறுகால உதவிக்காக வெளிநாடு செல்கிறார்கள். பிரயாணத்துக்காகவும் சுகப்பிரசவத்துக்காகவும் ஜெபித்துக்கொள்வோம்." எல்லாரும் ஆமென் என்றார்கள். பழக்க தோஷத்தில் நானும் ஆமென் என்றேன். அதற்கப்புறம்தான் எனக்குக் கணக்கு உறைத்தது. ஒரு பத்து நொடி கழித்துப் பெண்கள் பக்கம் ஒவ்வொரு தலையாக என்னைப் பார்த்துத் திரும்பியது. அவர்களும் கணக்குப் போட்டுவிட்டார்கள். இந்த வீட்டில் இருப்பது ஒரே பையன். அவனுக்கு அஞ்சுகிராமத்தில் பேச்சு மட்டும்தான் முடிந்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது என்பதையும் இந்த இடத்தில் தாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை திருவனந்தபுரத்துக்கு வேன் வேண்டாம் என்று நேசபாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை வேன்காரனுக்குக் கொடுத்தால் அப்புறம் என்ன சிக்கனம் என்பது அவள் வாதம். முதுகில் பையோடு பஸ் ஏறினாள். பையில் எடை கூடக்கூடாதென்று சுடிதாருக்கு மேல் சுடிதாராக மூன்று போட்டிருந்தாள். வழியனுப்ப நானும் கூடப் போனேன். தக்கலை தாண்டித் திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு வேன். ஜன்னல் ஜன்னலாகக் கைகள் ஆடுகின்றன. ராகேல் சங்கத்துக் காசில் வேன் பிடித்துவிட்டாள்! எங்கள் பஸ் நின்ற ஸ்டாப்பிலெல்லாம் வேனும் நின்றது. நான் அவர்களைத் தெரியாதவன் மாதிரி முன்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விமான நிலைய வாசலில் வளையமாக நின்றார்கள். சுந்தரராஜ் ஜெபித்தார். அவர் ஜெபம் எப்போதுமே விவரமாக இருக்கும். "பிறக்கப்போகிற பாலகனுக்கு நல்ல சுவாசத்தைத் தாரும், இடுப்பு எலும்புகளை இளக்கித் தாரும்" என்று போனபோது, நேசபாய் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மச்சான், எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. ஆமென் சொன்னதும் அவள் எல்லாரையும் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "பேறுகாலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சும்மா ஊர் பாக்கப் போறேன்."

யாரும் நம்பவில்லை. ராகேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "செரி அக்கா, செரி. எங்களுக்குப் புரியும். ஊருல ஆருட்டயும் சொல்லமாட்டோம்" என்று சொல்லி, ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பேறுகால மருந்தை அவள் கையில் திணித்தாள். உள்ளிப்பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டு, முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து கிண்டின லேகியம். பையோ சரியாக ஏழு கிலோ. நேசபாய் பாட்டிலை அப்படியே என் கையில் கொடுத்தாள். "நீங்களே தின்னுங்க" என்றாள். பையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீணாக்க மனசில்லாமல் தினமும் காலையில் ஒரு உருண்டை நான்தான் சாப்பிட்டு வருகிறேன். இடுப்புக்கு நல்லதாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் கத்தாரிலிருந்து ஜினோ அழைத்தான். பையன் அழாத குறை. "அப்பா, இங்க ரூம்ல உள்ள குலசேகரத்துக்காரனுவ எனக்குக் கேக் வெட்டுதானுவ. வாயில ஊட்டிட்டு, ஆம்பிளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையான்னு கேக்கானுவ. நான் என்னத்தப்பா சொல்ல?" கேக்கைத் தின்னு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கே எபனேசர் போன் பண்ணினார். தங்களுக்குத் தெரியும், அஞ்சுகிராமம் சந்தைப் பக்கம் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறவர், குரலும் அப்படித்தான். சபையில் அறிவிப்பு வாசித்த துண்டு வீடியோவை யாரோ அவருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஓய், கல்யாணம் கழியாத பயலுக்குப் பேறுகாலம்னு கோயில்ல வாசிக்கிய. அதுக்கு நீரும் ஆமென் போடுதீரு. எனக்க மவ பிரிஜாவ என்னன்னு நெனச்சீரு?"

அவருக்கு உண்மையைச் சொல்வதுதான் சரி என்று தீர்மானித்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

"பேறுகாலமே இல்ல. அவ ஊர் பாக்கப் போயிருக்கா."

"ஆரு கூட?"

"தனியாத்தான்."

"எங்க தங்கியிருக்காவ?"

"அங்க போய்ப் பாத்துக்கிடுவாளாம்."

"எந்த ஊருல?"

"நேத்து ஒரு ஊரு. இன்னைக்கு எங்கன்னு ஸ்டேட்டஸ் போட்டாத்தான் தெரியும்."

அவர் குரலை இறக்கிச் சொன்னார். "பேறுகாலம்னாகூட அதுக்கு ஒரு ஞாயம் உண்டு ஓய். பய வயசுக் கோளாறுல தப்புப் பண்ணிற்றான்னு மனச ஆத்திக்கிடலாம். இது என்ன கத? வயசான பொம்பள ஒரு காரியமும் இல்லாம ஒத்தைக்கு வெளிநாடு போவா, எங்க கெடக்கான்னு கெட்டினவனுக்கே தெரியாது! இந்த வீட்டுக்கு நான் எப்படிப் பொண்ணு அனுப்ப?" என்று கேட்டு வைத்துவிட்டார். பார்த்தீர்களா மச்சான்? பொய்யைக்கூட அந்த மனுஷன் தாங்கிக்கொண்டார், உண்மையைத் தாங்க முடியவில்லை. அதில் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என்னாலேயே தாங்க முடியவில்லையே.

நேசபாயோ ஒரு கவலையும் இல்லாமல் படம் படமாகப் போடுகிறாள். ஒரு படத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் நாலு பேருக்கு நடுவில் மேல்கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு படத்தில் ரோட்டோரம் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து குச்சியால் நூடுல்ஸ் சாப்பிடுகிறாள், பக்கத்தில் நம் வீட்டு மாங்காய் ஊறுகாய் டப்பா. நேற்று ஒரு பஸ் ஸ்டாண்டின் படம் அனுப்பியிருந்தாள், எனக்கு மட்டும். பின்னால் சுவரில் நேர அட்டவணை தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து புரியவில்லை, நேரம் புரிந்தது. எந்த இரண்டு பஸ்ஸும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் அழகாகப் போட்டிருக்கிறான். "சொன்ன நேரத்துக்கு எடுத்தான், கேட்டியளா. உங்களத்தான் நெனச்சேன்" என்று கீழே எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

ஆகையால் மச்சான், தாங்கள் இந்தக் கடிதம் கிடைத்ததும் அஞ்சுகிராமத்துக்குப் போய், எபனேசரைக் கண்டு, இது ஒரு தடவை தெரியாமல் நடந்த காரியம், இந்தக் குடும்பத்தில் இப்படி யாரும் போகிற வழக்கம் கிடையாது, இனிமேல் எவரும் போகப் போவதும் இல்லை என்று என் சார்பில் உறுதி கொடுக்க வேண்டும். நேசபாய் திரும்பி வந்ததும் மூத்த அண்ணன் என்ற முறையில் அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும் வேண்டும். நான் கண்டித்தால் எடுபடவில்லை. ஜினோவின் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். பரம பிதா தங்கள் வீட்டாரின் போக்கையும் வரத்தையும் காத்து, முக்கியமாகப் போக்கைக் கொஞ்சம் குறைத்து, எல்லாரையும் ஊரிலேயே சுகமாக வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
த. ஞானசிகாமணி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, மார்த்தாண்டம் போகிற நம் பழைய கண்டக்டர் கையில் கொடுக்கப் புறப்பட்ட நேரத்தில் அஞ்சுகிராமத்திலிருந்து போன். எபனேசர் இல்லை, அவர் மனைவி லீலாபாய். நேற்று நேசபாய் வியட்நாமிலிருந்து வீடியோ காலில் அவர்களைக் கூப்பிட்டு, ஹாஸ்டல் முழுவதையும் சுற்றிக் காட்டி, நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். லீலாபாய் என்னிடம் சொன்னது இதுதான். "அண்ணாச்சி, கல்யாணத்துக்கு நாள் குறிங்க. இவரு கெடக்காரு. எனக்கிட்டயும் பாஸ்போர்ட் சும்மாத்தான் கெடக்கு. இந்தச் சம்பந்தத்த விட்டா அடுத்த வாட்டி வெல எறங்கும்ப எனக்கு ஆரு சொல்லித் தருவா?" பிரிஜாவுக்கும் சம்மதமாம். எபனேசர் பின்னால் இருமுவது மட்டும் கேட்டது. ஆகவே தாங்கள் அஞ்சுகிராமம் போக வேண்டாம். உறுதி எதுவும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

இன்னொன்று. நேசபாய் திரும்புகிற வழியில் மலேசியாவில் இறங்குகிறாளாம். திருவனந்தபுரத்திலிருந்து மலேசியா வரைக்கும் டிக்கெட் விலை இறங்கிற்றாம். திங்கட்கிழமைக்கு என் பெயரில் எடுத்துவிட்டு அப்புறம் சொல்கிறாள். நான் போனில் நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, எங்கே தங்குவது என்று கேட்டேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சரி என்றேன். தராசு இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது, என் பை ஆறே முக்கால் கிலோ வருகிறது. ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் மச்சான். யாராவது கேட்டால், ஞானசிகாமணி பேறுகாலத்துக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள். மருந்தும் பாதிப் பாட்டில் சாப்பிட்டாயிற்று.